தமிழ் சங்கீதத்தை சாண்ட்ல பாடுறது எப்படி? சின்ன ஊர் கொயருக்கு ஒரு கைடு

ஞாயித்துக்கிழமை ஆராதனையில சங்கீதம் வர்றப்ப நம்ம டெல்டா பக்கத்து சபைகள்ல பெரும்பாலும் ஐயர் (போதகர்) ஒரு வசனம், சபையார் ஒரு வசனம்னு மாத்தி மாத்தி வாசிச்சு முடிச்சுடுறோம். பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் அவ்ளோ ப்ராக்டிஸ் பண்ற கொயர், இந்த எடத்துல மட்டும் புக்கை கையில வச்சுக்கிட்டு சும்மா நிக்குது. அந்த சங்கீதத்தை பாடவே பாடலாம், அதுக்கு பெரிய கொயர் வேணும்னு ஒண்ணும் இல்ல, எட்டு பேரு இருந்தா போதும், கூட ஒரு கீபோர்டு, ஒரு சுருதிப்பெட்டி, ஆளுக்கு ஒரு பென்சில். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, நாகப்பட்டினம்னு ஊருக்கு ஒரு சபையில வேலைக்கும் போயிக்கிட்டு சாயங்காலம் கொயரையும் பாத்துக்கிறவங்களை மனசுல வச்சுத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல சாண்ட்னா என்னன்னு பாத்துடுவோம். இங்கிலீஷ் சர்ச்சுல வளந்த முறை இது. பாமாலையில ஒவ்வொரு கவிக்கும் அசை எண்ணிக்கை ஒண்ணா இருக்கும், அதனால ஒரே ட்யூன் எல்லா கவிக்கும் பொருந்தும். சங்கீதத்துல அப்படி கிடையாது, ஒரு வசனம் சட்டுனு முடியும், அடுத்தது மூணு வரி ஓடும். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமையானது: ட்யூன்ல மொத்தமே பத்து நோட்டு. முதல் பாதியில நாலு, ரெண்டாவது பாதியில ஆறு. ஒவ்வொரு பாதியும் தொடங்குற நோட்டுக்கு ரிசைட்டிங் நோட்னு பேரு, வசனம் எவ்ளோ நீளமா இருந்தாலும் அந்த நீளத்தை பூரா அந்த ஒரு நோட்டே தாங்கிக்கும், அதுல நிறுத்தி பேசுற மாதிரியே பாடிட்டு, கடைசி ரெண்டு மூணு வார்த்தைக்கு மட்டும் மத்த நோட்டுகளுக்கு எறங்கி வருவோம். பத்து நோட்டு இருக்கறது சிங்கிள் சாண்ட், ஒரு வசனத்துக்கு ஒரு சுத்து. இருபது நோட்டு இருந்தா டபுள் சாண்ட், ரெண்டு வசனம் பாடுனாத்தான் ஒரு சுத்து முடியும்.

கொஞ்சம் வரலாறு சொல்றேன், ஏன்னா இதை போட்டவங்க யாருன்னு தெரிஞ்சா பாடுறப்ப ஒரு பிடிப்பு வரும். 17ஆம் நூற்றாண்டுல பெல்ஹாம் ஹம்ஃப்ரின்னு ஒருத்தர், 1647ல பொறந்து 1674லயே போயிட்டாரு, இருபத்தேழு வயசுகூட முழுசா வாழல, அவர் பேர்ல கிராண்ட் சாண்ட்னு ஒண்ணு இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரல்ல தாமஸ் ஆட்வுட் 1796லேருந்து ஆர்கனிஸ்ட், இவர் வியன்னா போயி மோட்சார்ட்கிட்டயே பாடம் கேட்டவர். 1838ல அவர் போனதும் அந்த எடத்துக்கு ஜான் காஸ் வந்தாரு, 1872ல அவருக்கு அப்புறம் ஜான் ஸ்டெய்னர். ஒரே சர்ச்சுல ஆர்கன் முன்னாடி உக்காந்த இந்த மூணு பேரும் போட்ட சாண்ட்டுகளை சால்ட்டர் புக்குகள்ல (பாடுறதுக்குன்னு அச்சடிச்ச சங்கீதப் புக்கு) நீங்க திரும்ப திரும்ப பாப்பீங்க.

நான் இதுல ரொம்ப மதிக்கிறது ஹென்றி வால்ஃபோர்ட் டேவிஸை. 1869ல ஆஸ்வெஸ்ட்ரிங்கற ஊர்ல பொறந்தவரு, சின்ன பையனா வின்ட்சர்ல செயின்ட் ஜார்ஜ் சாப்பல் கொயர்ல பாடி வளந்தாரு, 1898ல லண்டன் டெம்பிள் சர்ச்சுக்கு ஆர்கனிஸ்ட்டா போனாரு. 1934ல இசையமைப்பாளர் எல்கர் எறந்ததுக்கு அப்புறம் அரசரோட இசைத் தலைவர் பதவி இவருக்குத்தான் கெடைச்சுது, 1941ல எறக்குற வரைக்கும் அதுல இருந்தாரு. பதவியெல்லாம் ஒரு பக்கம், ரேடியோ வந்த புதுசுல 1926லேருந்து பிபிசியில உக்காந்து சாதாரண ஜனங்களுக்கு இசையை வெளக்கி சொல்லிக்கிட்டு இருந்தாரு பாருங்க, அதுதான் எனக்கு பெரிசா படுது. 121ஆம் சங்கீதத்துக்கு அவர் போட்ட இசையை அங்க உள்ள கொயர்கள் இன்னிக்கும் பாடுறாங்க. முடிஞ்சா யூட்யூப்ல அவர் பேரையும் சங்கீத நம்பரையும் போட்டு தேடி, உங்க கொயரோட ஒண்ணா உக்காந்து கேளுங்க. ட்யூனை அப்புறம் பாத்துக்கலாம், முதல் தடவை வார்த்தை எப்படி நகருதுன்னு மட்டும் கவனிக்கச் சொல்லுங்க. யாரும் எண்ணிக்கிட்டு பாட மாட்டாங்க, ஒரு நல்ல வாசிப்பாளர் வாசிக்கிற வேகத்துலயே எல்லாரும் சேந்து போறது தெரியும்.

அந்த வேகம்தான் இதுல உயிர். நம்ம ஊர்ல பாட்டுக்கு முன்னாடி விருத்தம் பாடுறாங்கல்ல, தாளம் கெடையாது, வார்த்தை எங்க நிக்கச் சொல்லுதோ அங்க நின்னு, எங்க ஓடச் சொல்லுதோ அங்க ஓடி, சாண்ட்டும் அந்த மாதிரிதான், என்ன, இதை எட்டு பேரு ஒரே மூச்சா பாடணும். இங்கிலாந்துலயே இது கெட்டுப்போன காலம் ஒண்ணு இருந்துச்சு. 1875ல கதீட்ரல் சால்ட்டர்னு ஒரு புக்கு வந்து எல்லா எடத்துலயும் பரவுச்சு, அதுல ரிசைட்டிங் நோட்டுக்குள்ள ஒரு அழுத்தக் குறி போட்டிருந்தாங்க, ஜனங்க அந்தக் குறி வரைக்கும் கடகடன்னு ஓட்டிட்டு, குறி வந்ததும் டமால்னு நிறுத்தி அங்கேருந்து தாளம் போட்டு பாட ஆரம்பிச்சாங்க. அதை சரி பண்ண அப்புறம் வேற வேற சால்ட்டர்கள் வந்துச்சு. சிட்னி நிக்கல்சன் 1932ல கொண்டுவந்த பாரிஷ் சால்ட்டர் அதுல முக்கியமானது, சாதாரண ஊர் கொயருக்குன்னே பேச்சு நடையில குறி போட்டது. நாமளும் அந்த கடகட, டமால் ரெண்டையும் முதல் நாள்லேருந்தே தவிர்க்கணும்.

இப்ப வேலைக்கு வருவோம். வசனத்துல எந்த அசை எந்த நோட்டுல விழணும்னு பென்சில்ல கோடு போட்டு வைக்கிறதுக்கு பாயிண்டிங்னு பேரு. இங்கிலீஷ்ல இந்த மாதிரி குறி போட்ட சால்ட்டரை ஈலி கதீட்ரல்ல இருந்த ராபர்ட் ஜேன்ஸ் 1837லயே அச்சுல கொண்டுவந்துட்டாரு. நம்மகிட்ட இருக்கறது பழைய மொழிபெயர்ப்பு பைபிள்தான், அதனால குறியை நாமளே போட்டுக்க வேண்டியதுதான். இங்கிலீஷ் சால்ட்டர்ல குறி எங்க இருக்குன்னு பாத்து அதே எடத்துல தமிழ்லயும் போட்டுடாதீங்க, சுத்தமா பொருந்தாது. அவங்களுக்கு பெரும்பாலும் கடைசி வார்த்தை சின்னதா, அழுத்தமா ஒரே அசையில முடியும். நமக்கு கடைசியில வர்றது வினைச்சொல், அதுவும் "சூட்டுகிறீர்", "ஏறெடுக்கிறேன்", "மூடியிருக்கிறது"ன்னு வால் நீளமா இருக்கும். அந்த வாலை பிச்சு "கி" ஒரு நோட்டு, "றீர்" ஒரு நோட்டுன்னு போட்டீங்கன்னா கேக்கறவங்களுக்கு விகுதி மட்டும்தான் காதுல விழும், அர்த்தம் எங்கயோ போயிடும்.

அதனால நான் சொல்ற முதல் விதி: முடிஞ்ச வரைக்கும் வினைச்சொல்லை கடைசி நோட்டுல முழுசா உக்கார வைங்க. முதல் அசையில லேசா ஒரு ஊன்றல், மிச்ச அசையெல்லாம் அதே நோட்டுல பேச்சு மாதிரி வழிஞ்சு முடியட்டும். ரெண்டாவது விதி: அசை பத்தாம ஒரு அசையை ரெண்டு நோட்டுக்கு இழுக்க வேண்டி வந்தா நெடிலை மட்டும் இழுங்க, குறிலை இழுக்காதீங்க. "அவர்"ல இருக்கற "அ"வை இழுத்தா "ஆவர்"னு ஆயிடும். மூணாவது விதி: அசை நிறைய இருந்தா ஒரு நோட்டுல ரெண்டு மூணு அசை வரலாம், ஒண்ணும் தப்பு இல்ல, ஆனா வார்த்தை நடுவுல மூச்சு விடக்கூடாது. இந்த மூணை வச்சுக்கிட்டே முக்காவாசி சங்கீதத்தை முடிச்சுடலாம்.

ப்ராக்டிஸ்க்கு ஒரு சின்ன ட்யூன் தர்றேன். இது யாரும் பெரிய ஆள் போட்டது இல்ல, கத்துக்கறதுக்காக நான் கட்டினது. சங்கராபரண ஸ்வரங்கள்தான், கீபோர்டுல ஸ-வை சி-யில வச்சுக்குங்க:

ப | த ப | க : க | ம ரி | ஸ நி | ஸ

இதுல வர்ற நி, ஸ-வுக்கு கீழ இருக்கற நி. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரு பார், மத்தியில இருக்கற ரெண்டு புள்ளி வசனம் பாதியில நிக்கிற எடம். கீபோர்டு வாசிக்கிறவங்களுக்கு கார்டு: சி | எஃப் சி | ஏ மைனர் : சி | எஃப் டி மைனர் | சி ஜி | சி. ரெண்டாவது பாதியில "சி ஜி"ன்னு வர்ற பார்ல, அந்த சி கார்டுக்கு இடது கையில ஜி நோட்டை வச்சு பாருங்க, முடிவு நல்லா கெட்டியா உக்காரும். பெண்களுக்கு கீழ் நி ரொம்ப தாழ்வா இருந்தா ட்ரான்ஸ்போஸ்ல ரெண்டு ஏத்தி டி-க்கு கொண்டு போங்க.

இப்ப 121ஆம் சங்கீதம், எட்டே வசனம், முதல் தடவைக்கு இதைவிட தோதானது கெடையாது. எல்லாருக்கும் பாதி மனப்பாடமாவே இருக்கும். ரெண்டாவது வசனத்தை முதல்ல எடுத்துக்குங்க, ஏன்னா அது தானாவே வந்து உக்காருது:

வானத்தையும் | பூமி யையும் | உண்டாக்கின : கர்த்தரிடத்திலிருந்து | எனக்கு ஒத் | தா சை | வரும்

"வானத்தையும்" ப-வுல. "பூமி" த-வுல, "யையும்" திரும்ப ப-வுல, "உண்டாக்கின" முழுசும் க-வுல. ரெண்டாவது பாதியில "கர்த்தரிடத்திலிருந்து" பூரா க-வுலயே நின்னு பேசுங்க, ஏழு எட்டு அசை இருக்கேன்னு பயந்து வேகமா ஓட்ட வேண்டாம், ஐயர் பிரசங்கத்துல அந்த வார்த்தையை சொல்ற வேகம்தான். "எனக்கு" ம, "ஒத்" ரி, "தா" ஸ, "சை" கீழ் நி, "வரும்" ஸ. ரெண்டு தடவை பாடுனாலே கொயருக்கு சாண்ட்னா என்னன்னு புரிஞ்சுடும், அதுக்கப்புறம் தியரி எதுவும் சொல்ல வேண்டாம்.

ஏழாவது வசனமும் அப்படித்தான்:

கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும் | விலக் கிக் | காப்பார் : அவர் உன் | ஆத் து | மா வைக் | காப்பார்

ரெண்டு பாதியும் "காப்பார்"ல முடியுது பாருங்க, அந்த வார்த்தை ரெண்டு தடவையும் கடைசி நோட்டுலயே விழணும். இதுல ஒரு அசைகூட இழுக்க வேண்டியது இல்ல.

முதல் வசனம் கொஞ்சம் யோசிக்கணும். பைபிள்ல அது நடுவுல நிறுத்தல் குறி இல்லாம ஒரே ஓட்டமா போகுது, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்"னு. பாதி எங்கன்னு நாமதான் முடிவு பண்ணணும். நான் "நேராக"ல நிறுத்துவேன், ஏன்னா அங்க வாசிக்கிறவங்க இயல்பாவே ஒரு மூச்சு எடுப்பாங்க:

எனக்கு ஒத்தாசை வரும் | பர்வதங் களுக்கு | நேராக : என் | கண் களை | ஏ – | றெடுக்கிறேன்

இங்க ரெண்டாவது பாதியில அசை கம்மி. அதனால "ஏ"ங்கற நெடிலை ஸ-வுலயும் கீழ் நி-யிலயும் சேத்து இழுக்கறோம், அப்புறம் "றெடுக்கிறேன்" ஸ-வுல வந்து முடியுது. கண்ணை ஏறெடுக்கறதுங்கற வார்த்தைக்கு அந்த இழுவை அழகாவும் இருக்கு.

மூணாவது வசனம் ரெண்டாவது பாதி "உன்னைக் காக்கிறவர் உறங்கார்". இதை உன் | னைக் காக் | கிற வர் | உறங்கார்னு பிரிச்சா எதையும் இழுக்காமலே சரியா வந்துடும். மிச்ச நாலு வசனத்துக்கும் குறியை நீங்களே போடுங்க, கொயர்ல இருக்கற எல்லாரையும் ஆளுக்கு ஒரு பேப்பர்ல போடச் சொல்லுங்க, அப்புறம் பாடிப் பாத்து எது நல்லா இருக்கோ அதை வச்சுக்கலாம். டீச்சரா இருக்கறவங்க, பாட்டு எழுதுற பழக்கம் உள்ளவங்க இதுல ரொம்ப நல்லா தேறுவாங்க. குரல் சுமாரா இருந்தாலும் காது நல்லா இருக்கற ஆளுங்க கொயர்ல இருப்பாங்க, அவங்களுக்கு இது பெரிய பொறுப்பு, அதை அவங்ககிட்டயே குடுங்க.

சொல்லிக்குடுக்கற வரிசை முக்கியம். மொதல்ல எல்லாரும் சங்கீதத்தை சேந்து வாசிக்கணும், பாட்டு வேண்டாம், வெறும் வாசிப்பு, அர்த்தம் புரியற மாதிரி. அடுத்து சுருதிப்பெட்டியைப் போட்டு ப-வுலயே நின்னு முழு சங்கீதத்தையும் ஒரே ஸ்வரத்துல பாடுங்க, ஏத்தம் எறக்கம் எதுவும் கெடையாது. இதுக்குத்தான் நிறைய நேரம் குடுக்கணும், கொயருக்கு அலுப்பா இருக்கும், ட்யூனுக்கு போலாம்னு அவசரப்படுவாங்க, விடாதீங்க. எட்டு பேரும் "கர்த்தரிடத்திலிருந்து"வை ஒரே நேரத்துல தொடங்கி ஒரே நேரத்துல முடிச்சாத்தான் அடுத்த கட்டம். அதுக்கப்புறம் ட்யூனை எல்லாரும் ஒரே குரலா, ஹார்மனி இல்லாம. அது தானா ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ஆல்டோ, டெனர், பேஸ். ஹார்மனியை முன்னாடியே கொண்டுவந்தா ஒவ்வொருத்தரும் தன்னோட நோட்டைப் பிடிக்கறதுலயே குறியா இருப்பாங்க, வார்த்தை செத்துடும்.

நடுப் புள்ளியில எல்லாரும் மூச்சு எடுக்கணும், அது ரொம்ப நீளமும் வேண்டாம், தாண்டி ஓடவும் வேண்டாம். ஒரு வசனம் முடிஞ்சு அடுத்தது தொடங்கறப்ப அதைவிட குறைச்சலான இடைவெளி போதும். நடுவுல கமா வந்தா லேசா ஒரு தயக்கம், அவ்வளவுதான். கையை ஆட்டி தாளம் போடாதீங்க, கொயர் மாஸ்டர் வாயசைச்சு கூடவே பாடுனா அதுவே வழி காட்டும். கடைசி பெஞ்சுல புக்கு இல்லாத ஒரு பாட்டியை உக்கார வச்சு, என்ன பாடுனோம்னு கேளுங்க. அவங்களால சொல்ல முடிஞ்சா வேகம் சரியா இருக்கு.

நம்ம பக்கத்து கொயருக்குன்னு தனியா ஒரு விஷயம் சொல்லணும். கீர்த்தனை பாடிப் பழகுன குரல் ஒரு ஸ்வரத்துலேருந்து அடுத்ததுக்கு வழுக்கிட்டுத்தான் போகும், "த ப க"ன்னு எறங்குற எடத்துல தானா ஒரு கமகம் வந்துடும். தனியா பாடுறப்ப அது அழகு, நாலு குரல் சேர்ற எடத்துல கார்டு கலங்கிடும். வெறும் ஸ்வரமா நேரா பாடுறது நம்ம மண்ணுக்கு புதுசும் இல்ல. திருவாரூர்ல பொறந்த முத்துஸ்வாமி தீட்சிதரே வெள்ளக்காரங்க பேண்ட்ல கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டு நோட்டுஸ்வரங்களை பண்ணியிருக்காரு, பாட்டு கிளாஸ் போன பிள்ளைங்க கொயர்ல இருந்தா அதுல ஒண்ணை பாடச் சொல்லி, "இப்படித்தான், நேரா"ன்னு சொல்லுங்க, உடனே பிடிச்சுக்குவாங்க. தஞ்சாவூர்ல ஆபிரகாம் பண்டிதர் 1917ல கருணாமிர்த சாகரம்னு அவ்ளோ பெரிய இசை நூலை வெளியிட்டவரு, அவரும் சபைக்கு பாட்டு எழுதுனவருதான். ரெண்டு இசையும் பக்கத்து பக்கத்துல வாழ்ந்த ஊரு நம்மளுது, சாண்ட் பாடுறதுனால கீர்த்தனைக்கு எந்த நஷ்டமும் வராது.

அடுத்து, 65ஆம் சங்கீதம். இதைப் பாடத்தான் மத்ததெல்லாம்னு எனக்கு தோணும். தை, மாசியில சம்பா அறுத்து முடிச்சு அறுப்பின் பண்டிகை வைக்கிறோம், நெல்லுக்கதிரும் வாழைத்தாரும் பூசணிக்காயும் பீடத்துகிட்ட குவிஞ்சு கெடக்கும், அன்னிக்கு 9லேருந்து 13 வரைக்கும் உள்ள வசனங்களை பாடாம வேற எப்ப பாடுறது? பத்தாவது வசனத்துல வரப்பு இருக்கு, படைச்சால் (உழவு சால்) இருக்கு, தண்ணி எறைக்கறது இருக்கு. ஜூன் மாசம் மேட்டூர் தெறக்குறாங்களான்னு பேப்பர் பாத்துக்கிட்டு இருக்கற ஆளுக்கு இந்த வசனத்தை யாரும் வெளக்க வேண்டியது இல்ல.

ஒன்பதாவது வசனம் ரொம்ப நீளம், ஒரே சுத்துல பாடுனா ரிசைட்டிங் நோட்ல மூச்சு முட்டும். அதை ரெண்டா ஒடைச்சுடுங்க. "தேவரீர் பூமியை விசாரித்து : அதற்கு நீர்ப்பாய்ச்சுகிறீர்" ஒரு சுத்து. "தண்ணீர் நிறைந்த தேவநதியினால் அதை மிகவும் செழிப்பாக்குகிறீர் : இப்படி நீர் அதைத் திருத்தி, அவர்களுக்குத் தானியத்தை விளைவிக்கிறீர்" இன்னொரு சுத்து. இதுல இன்னொரு லாபமும் இருக்கு, அஞ்சு வசனம் ஆறு சுத்தா ஆயிடுது, அதனால டபுள் சாண்ட்லயும் மிச்சம் இல்லாம பொருந்திடும். வசனம் ஒத்தைப்படையில இருக்கற மத்த சங்கீதங்கள்ல டபுள் சாண்ட் பாடுனீங்கன்னா, கடைசி வசனத்துக்கு சாண்ட்டோட ரெண்டாவது பாதியை மட்டும் திரும்பப் பாடி முடிக்கணும், அதை புக்குல முன்னாடியே எழுதி வச்சுடுங்க.

பத்தாவது:

அதின் வரப்புகள் தணியத்தக்கதாய், அதின் படைச்சால்களுக்குத் | தண் ணீர் | இறைத்து : அதை மழைகளால் கரையப்பண்ணி, அதின் | பயி ரை | ஆ சீர் | வதிக்கிறீர்

"தணியத்தக்கதாய்" முடிஞ்சதும் ஒரு சின்ன தயக்கம், ஸ்வரம் மாறாது. "தண்ணீர்"ல தான் முதல் தடவையா குரல் அசையுது, அந்த எடம் தானாவே மேல வரும், அழுத்திப் பாட வேண்டியதில்ல.

பதினொண்ணு:

வருஷத்தை உம்முடைய | நன்மையால் முடி | சூட்டுகிறீர் : உமது | பா தைகள் | நெய் யாய்ப் | பொழிகிறது

முதல் விதி இங்க எவ்ளோ வேலை செய்யுதுன்னு பாருங்க. "சூட்"ல ஊன்றி "டுகிறீர்" அதே க-வுல வழிஞ்சு போகுது, "பொழிகிறது"ம் அப்படியே ஸ-வுல.

பதிமூணாவது வசனத்துல மூணு துண்டு இருக்கு: ஆடுகள் நிறைஞ்சிருக்கு, பள்ளத்தாக்கு தானியத்தால மூடியிருக்கு, அவைகள் கெம்பீரிச்சுப் பாடுது. முதல் துண்டை முதல் பாதிக்கு குடுத்துட்டு, மத்த ரெண்டையும் ரெண்டாவது பாதியில வைங்க:

மேய்ச்சலுள்ள வெளிகளில் | ஆடு கள் | நிறைந்திருக்கிறது : பள்ளத்தாக்குகள் தானியத்தால் மூடியிருக்கிறது, அவைகள் | கெம் பீ | ரித் துப் | பாடுகிறது

"மூடியிருக்கிறது"க்கு அப்புறம் எல்லாரும் சேந்து மூச்சு எடுத்தே ஆகணும், இல்லன்னா "கெம்பீ"க்கு காத்து இருக்காது. அந்த மூச்சை தனியா பத்து தடவைகூட ப்ராக்டிஸ் பண்ணலாம், தப்பில்ல. இந்த ஒரு வசனத்தை மட்டும் முழு சத்தத்துல பாட விடுங்க, மத்ததெல்லாம் அடக்கமா.

இனி நிஜமான சாண்ட்டுகளுக்கு போறப்ப எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு பாப்போம். ஆரம்பத்துக்கு சிங்கிள் சாண்ட் மட்டும். ரிசைட்டிங் நோட் ரொம்ப உசரத்துல இருக்கறதை எடுக்காதீங்க, அந்த ஒரு நோட்டுலதான் முக்காவாசி நேரம் நிக்கப் போறோம், சபையும் கூட சேந்து பாடணும்னா ஏ-க்கு மேல போகாம இருக்கறது நல்லது. 51, 130 மாதிரி மனம் நொந்து ஜெபிக்கற சங்கீதத்துக்கு மைனர்ல ஒண்ணும், துதிக்கு மேஜர்ல ஒண்ணுமா ரெண்டு சாண்ட் கையில இருந்தா ஒரு வருஷம் ஓட்டிடலாம். வாராவாரம் புது சாண்ட் வேண்டாம். 137 மாதிரி அழுகையில தொடங்கி கோபத்துல முடியற சங்கீதத்துக்கெல்லாம் ஒரே சாண்ட் பத்தாது, அதை கொஞ்சம் கை தேறினதுக்கு அப்புறம் எடுங்க.

ஜெராக்ஸ் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்குங்க. நம்ம நாட்டு சட்டப்படி இசையமைச்சவர் எறந்து 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட் இருக்கும். ஹம்ஃப்ரி, ஆட்வுட், காஸ், 1901ல எறந்த ஸ்டெய்னர், 1941ல எறந்த வால்ஃபோர்ட் டேவிஸ் இவங்க எல்லாரோட சாண்ட்டும் இங்க தாராளமா பயன்படுத்தலாம். டேவிஸுக்கு அப்புறம் டெம்பிள் சர்ச்சுல ஆர்கன் வாசிச்ச ஜார்ஜ் தால்பன்-பால் 1987லதான் எறந்தாரு, அவரோட சாண்ட்டுகள் ரொம்ப அழகு, ஆனா அதுக்கு அனுமதி வாங்கணும்.

கீபோர்டு வாசிக்கிறவங்களுக்கு: ஸ்டைல், ரிதம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, ஆர்கன் சவுண்டு, அதுவும் மெல்லிசா. ரிசைட்டிங் நோட் போற வரைக்கும் கார்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், அசைக்கு அசை தட்டக்கூடாது, கொயர் எப்ப நகருதோ அப்ப நீங்க நகரணும். கரண்ட்டு போயிடுச்சுன்னா பதற வேண்டாம், சுருதிப்பெட்டியை வச்சே முழுசும் பாடி முடிச்சுடலாம்.

சபை எல்லாம் சேந்து பாடுறதுக்கு நேரம் எடுக்கும். முதல் சில வாரம் கொயர் ஒரு வசனம் பாடட்டும், சபை அடுத்த வசனத்தை எப்பவும் போல வாசிக்கட்டும். அப்புறம் கடைசியில வர்ற பிதாவுக்கும் குமாரனுக்கும்ங்கற ஸ்தோத்திரத்தை மட்டும் சாண்ட்ல சபையையும் பாட வைங்க, அது எல்லாருக்கும் மனப்பாடம், புக்கு பாக்க வேண்டாம், ட்யூன் காதுல ஏறிடும். அதுக்கான குறியை நீங்க போடுறப்ப உங்க சபை சொல்ற வார்த்தையை அப்படியே எழுதி வச்சு போடுங்க, ஏன்னா சபைக்கு சபை ஒண்ணு ரெண்டு வார்த்தை மாறும். எப்படி இருந்தாலும் "உண்டாவதாக" கடைசி நோட்டுல முழுசா விழணும். ஆமென் அந்த சாண்ட்டுக்குள்ள சேராது, அதுக்கு தனியா எஃப் கார்டு ஒண்ணு, சி கார்டு ஒண்ணு.